மிஷின் வாங்கும் முன் கேட்போம்

(பசுமலை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. ஆனால் வெட்டின தூரிலிருந்தே மறுபடி துளிர்க்கிற மரம் அது. விறகுக்கும் கரிக்கும் வெட்டுற வேலை நம்ம பக்கம் ஓயாது. அதுக்குத்தான் குழுக்கடனில் மரம் அறுக்கும் மிஷின் வாங்கலாமான்னு யோசிக்கிறோம்.

ஜெர்மனி கம்பெனி ஸ்டில் நல்லதா, சுவீடன் கம்பெனி ஹஸ்க்வர்னா நல்லதா? இரண்டுமே பேர்போனவைதான். நாம் கேட்க வேண்டியது வேறு. பழுதானால் மதுரையிலேயே சரிபார்ப்பார்களா? செயின், பிளக் உடனே கிடைக்குமா? மிஷின் முடங்கிக் கிடந்தாலும் கடன் தவணை நிற்காதே!

செயின் பிரேக் கட்டாயம் வேண்டும். அறுக்கும்போது பிளேடு நுனி நம் பக்கம் எகிறினால் செயினை உடனே நிறுத்துவது அதுதான். தலைக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் மிஷினைத் தொடக்கூடாது. பெட்ரோலில் கம்பெனி சொன்ன அளவுக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்காவிட்டால் எஞ்சினே போய்விடும்.

இரண்டு கடையில் விலைப்புள்ளி வாங்குவோம். கையில் பிடித்து, ஓட்டிப் பார்ப்போம். பில், வாரன்டி அட்டை வாங்கிய பிறகே பணம் கொடுப்போம். எல்லாத்தையும் தீர்மான நோட்டில் எழுதுவோம். கடன் நம்முடையது, கேள்வி கேட்கும் உரிமையும் நம்முடையதே.