விட்டுவிட்டு வரும் கோளாறு



பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன், மோட்டார் வண்டியின் மின்சாரக் கோளாற்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் இயந்திரத் தொழில் பயின்றவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன். ஆயினும், என் பழைய அம்பாஸிடர் வண்டி ஓய்வுக் காலத்தில் எனக்கு ஒரு பாடம் புகட்டியது. அதற்கு நான் கொடுத்த விலை பணம் மட்டுமன்று. நல்லவர் ஒருவரின் மனத்தையும் நோகச் செய்துவிட்டேன்.

என் வண்டி 1983ஆம் ஆண்டில் செய்யப்பெற்றது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியின் வழியில் வந்தது அம்பாஸிடர். 2014ஆம் ஆண்டில் உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்பழைய வண்டியில் பெட்ரோலைக் கொளுத்தும் முறை மிக எளியது. பாட்டரியின் 12 வோல்ட்டு மின்சாரம் சாவியைக் கடந்து காயிலுக்குள் புகுகிறது. அங்கிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு வந்து, பாயிண்ட் எனப்படும் இரு சிறு முனைகளின் வழியாக வண்டியின் இரும்புடலைச் சேர்கிறது. எஞ்சின் சுழலும்போது அம்முனைகள் விலகி விலகிச் சேர்கின்றன. விலகும் ஒவ்வொரு கணத்திலும் காயிலில் 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட விசை எழுந்து, பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. 1910ஆம் ஆண்டில் காடிலாக் வண்டிகளில் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் புகுத்திய முறையின் வழிவந்ததே இது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றினால், நான்கு பிளக்குகளிலுமாக நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். அந்தப் பொறி சிறிது நேரம் தவறினாலும் வண்டி நின்றுவிடும்.

என் வண்டி அவ்வாறுதான் நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஓசை அடங்கிவிடும். சில வேளை உடனே கிளம்பும். சில வேளை பத்து நிமிடம் சென்ற பின் ஒன்றும் நடவாததுபோல் புறப்படும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, நாள் முழுதும் நிற்காமல் ஓடும். மருத்துவர் வீட்டு வாயிலில் பல்வலி நின்றுவிடுவதுபோல!

பட்டறை வைத்திருப்பவர் என்னிடம் படித்த மாணவர். முதலில் பாயிண்டை மாற்றினார். வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு நின்றது. கண்டென்சரை மாற்றினார், நான்கு நாள் ஓடியது. காயிலையும் மாற்றினார். இனிக் கவலையில்லை என்றிருந்தோம். ஒரு மாலை, நானும் என் மனைவியும் ஒரு ரயில்வே கேட்டை மெல்லக் கடக்கையில், தண்டவாளத்தின் மீதே எஞ்சின் அடங்கிப்போயிற்று. பின்னால் வந்த பேருந்திலிருந்து நான்கைந்து இளைஞர்கள் இறங்கி ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகியிராது. ஆனால் என் மனைவி என் தோளைப் பற்றிய பிடியின் நடுக்கம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் பட்டறைக்குச் சென்றேன். "சாமான் விற்பதற்காகவே கோளாற்றை வைத்துக்கொண்டிருக்கிறாயா?" என்று, வேலையாட்களின் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவர் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கழற்றிய பழைய சாமான்களைத் தாளில் பொதிந்து, "இவற்றை வைத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று என் கையில் தந்தார். அன்றைய கூலியையும் வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நினைவொன்று எழுந்தது. என் வகுப்பில் ஒரு பையன் சில நாள் நன்றாகப் படிப்பான். சில நாள் ஒன்றும் விளங்காதவனாய் உட்கார்ந்திருப்பான். பயிற்சிக் கல்லூரியில் கற்றபடி அவனைப் பற்றி நாள்தோறும் குறிப்பெழுதினேன். அவன் மந்தமாயிருந்த நாள்களெல்லாம் வாரச் சந்தைக்கு மறுநாள் என்பது புலனாயிற்று. தந்தைக்குத் துணையாக இரவெல்லாம் மூட்டை இறக்கியவனுக்குப் பாடம் எவ்வாறு ஏறும்? அப்பையனைத் தண்டியாமல் குறிப்பெழுதிய நான், வளர்ந்துவிட்ட மாணவரைக் குறிப்பெழுதாமலே தண்டித்துவிட்டேனே என்று வெட்கினேன். அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

நாள், நேரம், வெயிலா மழையா, மேடா சமதரையா, என் கால் எவ்வளவு அழுத்திக்கொண்டிருந்தது என்பனவற்றை ஒவ்வொரு முறையும் எழுதினேன். ஒன்பது முறை நின்ற பின் பார்த்தால், வெயிலுக்கும் மழைக்கும் தொடர்பில்லை, குலுக்கலுக்கும் இல்லை. எட்டு முறை, காலை இலேசாக வைத்துச் சமதரையில் செல்லும்போதே நின்றிருந்தது. மேடேறுகையில் ஒருமுறையும் நிற்கவில்லை.

அடுத்து, ஒரு சிறு 12 வோல்ட்டு பல்பில் நீண்ட கம்பிகளைப் பொருத்தினேன். ஒரு கம்பியை வண்டியின் இரும்புடலிலும், மற்றதைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையிலும் இணைத்து, பல்பை ஓட்டுநர் பலகையருகே தொங்கவிட்டேன். சாலையைப் பார்ப்பது என் வேலை. விளக்கைப் பார்ப்பது என் மனைவியின் வேலை. வண்டி நின்றது, விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. ஆகவே பாட்டரியும் சாவியும் காயில்வரை வரும் கம்பியும் குற்றமற்றவை. பாதி வழி தெளிந்தது.

பின்னர்க் கம்பியைக் காயிலின் மறு முனைக்கு மாற்றினேன். எஞ்சின் ஓடும்போது விளக்கு மங்கலாக நடுங்கியது. பாயிண்ட் திறந்து மூடுவதன் அடையாளம் அது. நின்ற கணத்திலோ, "நன்றாக, ஆடாமல் எரிகிறது" என்றார் என் மனைவி. கண்டென்சர் கெட்டு மின்சாரத்தைத் தரைக்கு விட்டிருந்தால் விளக்கு அணைந்திருக்கும். ஆடாமல் எரிந்ததனால், காயிலைக் கடந்து வந்த மின்சாரத்திற்குப் பாயிண்ட் வழியாகச் செல்லும் பாதை எங்கோ அறுபட்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று.

டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்டைத் தாங்கும் ஒரு தகடு உண்டு. காலை இலேசாக வைத்துச் செல்லும்போது, கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் காற்றை உறிஞ்சி அத்தகட்டைச் சிறிது திருப்பும். எஞ்சின் நின்றால் தகடு தன் இடத்திற்கு மீளும். என் குறிப்பேடு சொன்னதும் அதுதானே! ஹேண்டிலால் எஞ்சினைச் சுழற்றிப் பாயிண்ட் நன்கு மூடியிருக்கும்படி நிறுத்திச் சாவியைப் போட்டேன், விளக்கு அணைந்திருந்தது. குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன். தகடு திரும்பியது, விளக்கு எரிந்தது. மூச்சை விட்டேன், அணைந்தது.

தகட்டுக்குச் செல்லும் இரண்டு அங்குலக் கம்பியே குற்றவாளி. மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே செம்பிழைகள் முறிந்து, தகடு அசையும்போது பிரிந்தும் மீளும்போது சேர்ந்தும் கொண்டிருந்தன. அக்கம்பியைக் கண்டதும் எனக்கு முகம் வெளிறிவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன், வழியில் பழைய கம்பி அறுந்தபோது, வீட்டு மின்கம்பித் துண்டொன்றை நானேதான் அங்கே முடிந்திருந்தேன். மயிரிழை போன்ற பல இழைகளாலான மென்மையான கம்பி இருக்கவேண்டிய இடம் அது. ஊர் போய்ச் சேர்ந்ததும் மாற்றலாம் என்று எண்ணியவன் மறந்துவிட்டேன்.

மாணவர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து வேலை செய்கையில் அக்கம்பி அசைந்து, முறிந்த இழைகள் தாமே பொருந்தியிருக்கின்றன. அதனால்தான் சில நாள் வண்டி ஓடியது. மாற்றிய சாமானே மருந்து என்று இருவரும் நம்பினோம். விட்டுவிட்டு வரும் கோளாற்றில் நம்மை ஏமாற்றுவது இதுதான்: வண்டி ஓடுவது வேறு, காரணத்தைக் கண்டறிவது வேறு. கோளாற்றை நாமே வரவழைக்கவும் நிறுத்தவும் முடிந்தாலன்றி, அதனைக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாகாது.

ஒரு வார்த்தை: பிளக்குக்குச் செல்லும் தடித்த கம்பியில் கை வைக்காதீர்கள். மின்னணுக் கருவிகள் உள்ள புதிய வண்டிகளில் இந்த விளக்குச் சோதனையைச் செய்யவும் வேண்டா.

கம்பியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றேன். வேலையாட்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்தே சென்றேன். "தம்பி, குற்றம் என்னுடையது, என்னைப் பொறுத்துக்கொள்" என்று கூறி, தரவேண்டிய கூலியையும் வைத்தேன். அவர் கம்பியை வாங்கி இருமுறை வளைத்துப் பார்த்தார். "நானும் இதை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், ஐயா" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து, சரியான கம்பியைத் தேடி எடுத்து, தாமே பொருத்திக் கொடுத்தார்.

வண்டி அதன்பின் நிற்கவில்லை. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது.