நாலரை என்று எழுதியவன்

பூனாகலைக் கடைவீதியில் கொமினிகேஷன் வைத்திருக்கிறவன் நான். ரீலோட் போடுவேன், போட்டோகொப்பி எடுப்பேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன். இதற்கு நடுவில் பல வருசமாக ஒரு உதைபந்தாட்ட லீக்கும் நடத்துகிறேன். மைதானம் கிடையாது, பந்தும் கிடையாது. ஃபேன்டசி லீக்.

அம்மாமாருக்குச் சொல்கிறேன்: சனிக்கிழமை பின்னேரம் உங்கள் மகன் போனை நோண்டிக்கொண்டு, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்கிறானே, அது அநேகமாக இதுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2002இல் தொடங்கிய விளையாட்டு. காசு கட்டத் தேவையில்லை. கையில் பத்துக் கோடி பவுண் இருப்பதாக வைத்துக்கொண்டு 15 ஆட்டக்காரரை வாங்க வேண்டும். ஒரே கழகத்தில் மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. அவர்கள் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. 60 நிமிடம் ஆடினால் இரண்டு புள்ளி, அதற்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டால் ஒன்றுதான். எங்கள் பையன்கள் அதற்கு ‘அரைப்பேர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொழுந்து நிறை குறைந்தால் மலையில் போடுகிற அதே அரைப்பேர். 59ஆவது நிமிடத்தில் ஒருவனை மாற்றினால் போதும், “கங்காணி அரைப்பேர் போட்டுட்டான்டா!” என்று கடையே அலறும்.

இந்த வித்தையின் பூர்வீகம் அமெரிக்கா, 1960கள், அவர்களுடைய ஃபுட்போல். அந்தக் கதைக்கு இன்றைக்கு நேரமில்லை. அப்போது சதுரங்கச் சம்பியனாக இருந்த மக்னஸ் கார்ல்சன் 2019 டிசம்பரில் பிரீமியர் லீக் ஃபேன்டசியில் உலகத்திலேயே முதலிடத்துக்கு வந்தார் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன். எங்கள் லீக்கில் அவருக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்பது வேறு விசயம்.

நான் பேச வந்தது கடிகாரத்தைப் பற்றி. லீக் நடத்துகிறவனுடைய தலைவலியில் முக்கால்வாசி அதுதான். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு ஆளை மாற்ற முடியாது, கெப்டனை மாற்ற முடியாது. அங்கே சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆட்டம் என்றால், நமக்குக் கோடைக்காலத்தில் பின்னேரம் மூன்றரைக்குக் கதவு மூடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு நாலரை. அது பரவாயில்லை, பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. மார்ச் கடைசி ஞாயிறு திரும்பவும் முன்னுக்குத் தள்ளுவார்களே, அங்கேதான் பள்ளம்.

நான் அந்தப் பள்ளத்தில் விழுந்தது 2022இல். அந்த வருசம் யாருக்கும் மறக்காது. மார்ச் முடிகிற வாரம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை, கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். வட்ஸ்அப்பில் போடுவதை நம்ப முடியாது என்று, ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டேன்: ‘ஏப்ரல் 2 சனி, கடைசி நேரம் 4.30’. கடிகாரம் மாறியது மார்ச் 27ஆம் திகதி. எனக்கு ஞாபகமே வரவில்லை.

நாலு மணிக்குப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் மேல் பிரிவிலிருந்து நடந்தே வந்தவன், பஸ் ஓட டீசல் ஏது? திறந்து பார்த்தால் பூட்டு. அரை மணித்தியாலத்துக்கு முன்பே மூடியாயிற்று. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நேயர்களே, கடையை இழுத்துச் சாத்திவிட்டு மலைக்கு ஓடலாம் போல இருந்தது. ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. என்னைக் காப்பாற்றியது அதுதான். மறுநாள் ஞாயிறு வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் முடக்கிவிட்டார்கள், பின்னேரம்தான் விட்டார்கள். அதுவரைக்கும் அவர்களுக்கு என்னைத் திட்டக்கூட வழியில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு ஊரடங்கு எடுத்தார்கள், ஏழு மணிக்கு நேரிலேயே வந்து திட்டினார்கள்.

திட்டாமல் நின்றவன் ஒருவன்தான், அந்த நடந்து வந்த பையன். அவன் அன்றைக்கு வாங்க இருந்தது செல்சி கோல் காப்பாளரை. சொந்த மைதானம், எதிரே ப்ரென்ட்ஃபோர்ட், ஒரு கோலும் விழாது என்று கணக்கு. செல்சி 1, ப்ரென்ட்ஃபோர்ட் 4! காப்பாளர் வாங்குகிற ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் ஒரு புள்ளி வெட்டு. “அண்ணே, அட்டையைக் கழட்டிராதீங்க” என்றான். இப்போது அவன் டோஹாவில். அங்கேயிருந்தும் கேட்கிறான், “அட்டை இருக்கா?” இருக்கிறது, கடையில் ஒரு சாக்குக்குப் பின்னால்.

காசு விசயத்தையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருசம் சீசன் முடிந்த பிறகு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தேன். கடைசி இடங்களில் இருந்தவர்கள் மாயமாகிவிட்டார்கள். அம்மா லயத்தில் இருபது வருசம் சீட்டுப் பிடித்தவர். “கட்டினவனுக்குத்தான்டா சீட்டு, எடுத்த பிறகு கட்டுறேன்னு சொல்றவன ஏன் சேர்த்த?” என்றார். பிறகு காசையே நிறுத்திவிட்டோம். இப்போது கடைசியாக வருகிறவர் ஒரு கோழி கொண்டு வர வேண்டும், முதல்வர் ரொட்டி சுட வேண்டும். ஒரு வருசம் முதலிடத்தில் இரண்டு பேர் ஒரே புள்ளியில் நின்றார்கள். குறைவாக ஆள் மாற்றியவர்தான் மேலே என்று விதியிலேயே இருக்கிறது, காட்டினேன். ஆறு மாதம் ஒருவர் என்னிடம் ரீலோட் போடவில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல். டிசம்பரில் கடைசியில் நின்றால் போதும், அணியைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். காயம்பட்டு வீட்டில் கிடக்கிறவன் அவர்களுக்குக் கெப்டனாக இருப்பான். கொழும்பில் கடையில் நிற்கிற ஒரு அண்ணனுக்கு மட்டும் நான் வாராவாரம் போன் எடுத்துப் பேசுகிறேன். எட்டாவது தடவையாகக் கடைசி இடம். ஆளை மாற்றுவது பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு கொழுந்து எப்படி, மழை எப்படி, அவருடைய பழைய லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று அரை மணித்தியாலம்.

நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். புதுச் சீசனில் அவர் ஒரு இடமாவது மேலே ஏறட்டும், எனக்கு வேறு ஆள் கோழி தரட்டும். அண்ணே, கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் கெப்டனுக்குக் கால் சுளுக்கு. இந்த வாரம் முதல் ஆட்டம் வெள்ளி இரவு, கதவு மூடுவது பதினொரு மணிக்கு. இந்தத் தடவை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.