நம் கதையை நம் வாயால் வாசிப்போம்

(வெள்ளிவிழா இலக்கிய அரங்கில் ஆற்றிய உரை)

நாளை மாலை இதே பந்தலில் நம் இளைஞர்கள் தாம் எழுதிய சிறுகதைகளை வாசிக்கவிருக்கின்றனர். கதை எழுதுவது ஒரு கலை. எழுதியதை அவையின் முன் வாசிப்பது மற்றொரு கலை. முன்னதற்குப் பல இரவுகள் கண்விழிக்கும் நாம், பின்னதற்கு ஒரு நாழிகையும் ஒதுக்குவதில்லை. ஆகவே அதுபற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

நம் அவையில் யார் அமர்ந்திருக்கின்றனர்? பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்த தாய்மார்கள். கூலியில் மிச்சம் பிடித்து நமக்குச் சிலேட்டு வாங்கித் தந்த பெரியவர்கள். அவர்களுள் பலருக்குக் கல்வி மறுக்கப்பட்டது. அச்சில் வந்த நம் கதை அவர்களுக்கு வெறுங்காகிதமே. நாம் வாசிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அது அவர்களுக்குக் கதையாகிறது. எனவே நன்றாக வாசிப்பது நம் பெருமைக்காக அன்று. நாம் தீர்க்க வேண்டிய கடன் அது.

முன்பொரு விழாவில் நம்மில் ஒருவர் தம் தாயைப் பற்றிய கதையை வாசித்தார். தாளில் அத்தாய் நம் தெரு மொழியில்தான் பேசியிருந்தார். மேடையேறி, முன்வரிசையில் வெளியூர்ப் பிரமுகர்களைக் கண்டதும் இவருக்கு நாக் கூசியது. "சோறு தின்னியாடா?" என்றிருந்ததை "உணவு உண்டாயா மகனே?" என்று மாற்றி வாசித்தார். அவை கைதட்டியது. வீடு திரும்பும் வழியில் தாய் கேட்டார்: "நல்லாத்தான் படிச்ச. ஆனா அது யாருப்பா, ஏங் கதையில வந்து பேசுனது?"

இளைஞர்களே, அக்கேள்வியை மறவாதீர்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் நம் மக்களின் பேச்சுமொழியிலேயே நூலாக வந்து, உலகின் பிற மொழிகளுக்கும் சென்றது. மராட்டியத்தில் அண்ணாபாவ் சாட்டே பள்ளிப்படிப்பு வாய்க்கப் பெறாதவர். மும்பைத் தொழிலாளர் நடுவே கலைக்குழுவில் பாடி நடித்தவர். 1958இல் மும்பையில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்துப் பேசியவரும் அவரே. நூலேறிய மொழி மேடையேற ஏன் நாண வேண்டும்? ழகரம் தடுமாறுகிறதே என்று நகைப்போர் நகைக்கட்டும். பயின்றால் ழகரம் வரும். தொலைத்த தாய்மொழி வாரா.

ஆயினும் உணர்ச்சி மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1858 முதல் 1870 வரை தம் கதைகளைக் கட்டண மேடைகளில் வாசித்தார். அதற்கெனத் தனிப் படிகள் வைத்திருந்தார். அவற்றில் பத்திகளை அடித்துக் குறைத்தார். அழுத்த வேண்டிய சொற்களின் கீழ்க் கோடிட்டார். குரலுக்கும் கையசைவுக்கும் ஓரத்தில் குறிப்பெழுதினார். 1866இல் வாசித்த ஒரு கதையை ஏறத்தாழ 200 முறை ஒத்திகை பார்த்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். புகழின் உச்சியில் இருந்தவருக்கே அத்துணை உழைப்பென்றால், நாம் பத்து முறையேனும் வாசித்துப் பார்க்க வேண்டாமா?

கதை முழுவதையும் வாசிக்க முயலாதீர்கள். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பகுதியைத் தேர்ந்து, கடிகாரம் வைத்து அளந்து, ஒதுக்கிய நேரத்திற்கு இரண்டு நிமிடம் குறைவாக அமைத்துக் கொள்ளுங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் படியெடுத்து, பக்க எண் இடுங்கள். மூச்சு விடும் இடத்தில் கோடு போடுங்கள். வாய்விட்டு வாசிக்கையில் நாக்கு இடறும் வாக்கியத்தைப் பிளந்து எழுதுங்கள். ஒலிபெருக்கியை முன்னதாகவே சோதித்துப் பாருங்கள். "எனக்கு வாசிக்க வராது" என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள்.

நம் கதைகளில் பண்ணையார் வாயிலிருந்து சாதியின் பெயரால் இழிசொல் வரும். அதை விழுங்கினால் மறைவது நம் இழிவன்று. அவர் செய்த குற்றமே. எனினும் அவையில் குழந்தைகளும் இருப்பர். அச்சொல்லை முழங்காமல், தெளிவாகச் சொல்லி, ஒரு கணம் நிறுத்துங்கள். சொல்வதா, விடுவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மேடைக்கு வந்து முடிவு செய்தால், நமக்காக அச்சமே முடிவு செய்துவிடும்.

இறுதியாக ஒன்று. யாருடைய துயரத்தை எழுதினோமோ, அவரிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். ஏட்டில் சிலரே அறிந்த துயரத்தை ஒலிபெருக்கி ஊருக்கே அறிவித்துவிடும். அவர் வேண்டாவென்றால் வேறு பகுதியை எடுத்துக் கொள்வோம். இசைந்தால், அவர் முகம் எங்கே மலர்கிறது, எங்கே தாழ்கிறது என்று பாருங்கள். அதைவிடச் சிறந்த ஒத்திகை இல்லை.

நாளை மேடையேறுவோர் முன்வரிசைப் பிரமுகர்களை வணங்குங்கள், அது பண்பு. வாசிக்கும்போது கண்களைக் கடைசி வரிசைக்கு உயர்த்துங்கள். அங்கே பாயில் அமர்ந்திருக்கும் நம் அன்னையருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். அது தம் கதைதான் என்று அவர்கள் அறிய வேண்டும்.