யாரோட செட்டிங்ஸ் இது?

(ஒலிப்பதிவில் பேசியதை எழுத்தாக்கி, வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் செப்பனிட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடை மதுரையில நம்ம வழக்கமான அறையில இருந்து பதிவு பண்ணலை. மேலூர் பக்கம் திருவாதவூர், எங்க ஊர். வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல பஸ் ஹார்னும் கோழிச் சத்தமும் வந்தா பொறுத்துக்கோங்க.

இன்னைக்குத் தலைப்பு இதுதான்: ஒரு செயலியோட செட்டிங்ஸ் எங்க இருக்கணும்? அந்தச் செயலிக்குள்ளேயா, இல்ல போனுக்கே பொதுவான ஒரே இடத்துலயா? கேட்கும்போது வறட்சியான கேள்வியாத்தான் தெரியும். போன மாசம் வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

நடந்ததைச் சொல்லிடுறேன். அப்பாவோட போன் மெதுவா ஓடுதுன்னு ஒரு கடையில கொண்டுபோய்க் கொடுத்திருக்கார். கடையில இருந்த தம்பி நல்ல மனசோடதான் செஞ்சிருக்கார். ஒவ்வொரு செயலியாத் திறந்து 'கிளியர் ஸ்டோரேஜ்' அழுத்தியிருக்கார். அதுல ஒண்ணு, நாங்க நண்பர்கள் மூணு பேர் சேர்ந்து எழுதின செயலி. வயல் வேலைக்குக் கூலிக் கணக்கு எழுதுற சின்ன நோட்டு. யார் எத்தனை நாள் வந்தாங்க, எவ்வளவு கொடுத்தாச்சு, எவ்வளவு பாக்கி. அவ்வளவுதான். அப்பா ரெண்டு போகமா அதுலதான் எழுதிட்டு வந்தார்.

ராத்திரி போன் வந்துச்சு. "ஏன்டா, உன் ஆப்பு இங்கிலீஷ்ல நிக்குது. எழுத்தும் எறும்பு மாதிரி ஆயிருச்சு. கணக்கையும் காணோம்."

மூணு குறை. மூணும் ஒரே பொத்தானை அழுத்தினதால வந்ததுதான். ஆனா மூணுக்கும் காரணம் வேற வேற.

முதல்ல அடிப்படை. ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. உள்ளுக்குள்ள லினக்ஸ் ஒவ்வொரு செயலியையும் தனிப் பயனர் மாதிரி நடத்துது. ஒருத்தர் அறைக்குள்ள இன்னொருத்தர் எட்டிப் பார்க்க முடியாது. 'ஷேர்ட் பிரெஃபரன்சஸ்'னு பேரு இருந்தாலும், செட்டிங்ஸ் உட்காருறது அந்தச் செயலியோட அறைக்குள்ள ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாத்தான். ஐபோன்லயும் 'யூசர் டிஃபால்ட்ஸ்' அப்படித்தான், செயலியோட சொந்த இடத்துல ஒரு கோப்பு. கிளியர் ஸ்டோரேஜ் அழுத்தினா அந்த அறையையே கூட்டித் துடைச்சிடும்.

அப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுட்டா என்னன்னு தோணும். எனக்கும் அன்னைக்கு ராத்திரி அதுதான் தோணுச்சு. இது புது யோசனை இல்லை. நோக்கியாவோட சிம்பியன் போன் வெச்சிருந்தவங்க இதைத் தெரியாமலே பயன்படுத்தியிருக்கீங்க. அதுல 'சென்ட்ரல் ரெபாசிட்டரி'ன்னு ஒரு பொதுப் பெட்டகம் இருந்துச்சு. ஒவ்வொரு செயலிக்கும் அதுல ஒரு எண், ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு எண். கம்பெனி வெச்ச மூல மதிப்பு ரோம்ல அப்படியே இருக்கும். நாம மாத்தினது மட்டும் தனிப் பிரதியா நிக்கும். யார் படிக்கலாம், யார் எழுதலாம்னு அனுமதியும் உண்டு. ஒரு மதிப்பு மாறினா, அதைக் கவனிச்சிட்டு இருக்கிற மத்த செயலிகளுக்குச் சேதி போகும்.

அந்தக் காலத்துல செல்போன் கடைக்காரங்களுக்கெல்லாம் ரெண்டு எண் மனப்பாடம், ஞாபகம் இருக்கா? *#7780# போட்டா செட்டிங்ஸ் மட்டும் பழைய நிலைக்குப் போகும். போட்டோ, நம்பரெல்லாம் இருக்கும். *#7370# போட்டா எல்லாமே காலி. இது வேற, அது வேறன்னு அந்தப் போனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நம்ம கடைத் தம்பி கையில இருந்த பொத்தானுக்கு அது தெரியலை.

ஆனா பொதுப் பெட்டகத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி தெரியும்ல? மென்பொருளை நீக்கினாலும் அது எழுதி வெச்ச மிச்சம் அங்கேயே கிடக்கும். ஒருத்தர் தப்பா எழுதினா இன்னொருத்தருக்கு அடி விழும். ஆண்ட்ராய்டுலயும் ஒரு பொது செட்டிங்ஸ் கிடங்கு ஆரம்பத்துல இருந்தே இருக்கு. திரை வெளிச்சம், ரிங்டோன், எழுத்தளவு எல்லாம் அங்கதான். சில செயலிகள் தங்களோட சொந்தச் சரக்கையும் அங்க கொண்டுபோய் வெச்சுச்சு. செயலியை நீக்கினாலும் அந்தச் சரக்கு போகாது, அதான் காரணம். 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6ல இருந்து அதுக்குக் கதவை மூடிட்டாங்க. அந்தப் பதிப்புக்காக எழுதின செயலி இப்ப அங்க தன் சொந்த அமைப்பை எழுதப் போனா, இங்க வைக்கக் கூடாதுன்னு பிழை வரும். வெளிச்சம் மாதிரி பொது அமைப்பை மாத்தணும்னாலும் பயனர்கிட்ட தனியா அனுமதி வாங்கணும்.

எங்க ஊர்க்காரனா ஒண்ணு சொல்லிக்கிறேன். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் இது. குதிரை வாங்கிட்டு வாங்கன்னு பாண்டியன் கஜானாப் பணத்தைக் கொடுத்து அனுப்பினான், அவர் அதைக் கோயிலுக்குச் செலவழிச்சார்னு கதை. அவரைக் காப்பாத்த சிவனே நரியைப் பரியாக்கிட்டு வரவேண்டியிருந்துச்சு. நம்ம செயலிகளுக்காக அப்படி யாரும் வரமாட்டாங்க. அதனால கஜானா சாவியை எல்லார் கையிலயும் கொடுக்காம இருக்கிறதுதான் நல்லது.

சரி, அப்பாவோட மூணு குறைக்கு வருவோம்.

முதல் குறை, மொழி. அப்பாவோட போன் முழுக்கத் தமிழ்லதான் இருக்கு. அந்தத் தேர்வு போனோட பொது இடத்துல பத்திரமா இருந்துச்சு, யாரும் அழிக்கலை. ஆனா நாங்க என்ன பண்ணியிருந்தோம்? எங்க செயலிக்குள்ள தனியா ஒரு மொழித் திரை. முதல் தடவை திறந்தா இங்கிலீஷ், வேணும்னா தமிழுக்கு மாத்திக்கலாம். அந்தத் தேர்வை எங்க கோப்புல எழுதி வெச்சோம். கோப்பு போனதும் இங்கிலீஷ் வந்துருச்சு. போனைக் கேட்டிருந்தா 'தமிழ்'னு சொல்லியிருக்கும். நாங்க கேட்கவே இல்லை.

ரெண்டாவது, எழுத்தளவு. இதுல எங்க தப்பு இன்னும் பெருசு. ஆண்ட்ராய்டுல எழுத்துக்கு எஸ்.பி.ன்னு ஒரு அளவு உண்டு. பயனர் போன்ல எழுத்தைப் பெருசாக்கினா அதுவும் பெருசாகும். டி.பி.ன்னு இன்னொண்ணு, அது அந்தத் தேர்வைக் கண்டுக்காது. நாங்க வேணும்னேதான் டி.பி. போட்டோம். ஏன்னா தமிழ்ச் சொல் நீளம். 'சேவ்'னு ரெண்டு எழுத்து இருந்த பொத்தான்ல 'சேமிக்கவும்'னு போட்டு எழுத்தையும் பெருசாக்கினா வெளிய வழியுது. பொத்தானைச் சரிபண்ணச் சோம்பல்பட்டு எழுத்தைப் பூட்டிட்டோம். பிறகு பெரியவங்களுக்காகன்னு சொல்லி, நாங்களே உள்ளுக்குள்ள ஒரு எழுத்தளவு செட்டிங் கொடுத்தோம். ஏற்கெனவே போன்ல இருக்கிற ஒண்ணை மறைச்சுட்டு, அதுக்கு ஒரு டூப்ளிகேட்.

மூணாவது, கணக்கு. அது செட்டிங்ஸே கிடையாது. அப்பாவோட சொத்து. அதையும் அதே அறையிலதான் வெச்சிருந்தோம், வேற எங்கயும் பிரதி இல்லாம. ஆண்ட்ராய்டு 6ல இருந்து தானியங்கி பேக்கப் இருக்கேன்னு தைரியம். ஒரு செயலிக்கு 25 எம்.பி. வரைக்கும் பயனரோட கூகுள் டிரைவ்ல ஏறும். நம்ம கணக்குக்கு அது தாராளம். ஆனா அதுக்கு நிபந்தனை இருக்கு. போன் சும்மா கிடக்கணும், போன பேக்கப் முடிஞ்சு ஒரு நாளாவது ஆகியிருக்கணும். அப்புறம், பயனர் தனியா அனுமதி கொடுத்தாலொழிய வைஃபைல இருக்கணும். எங்க வீட்டுல ஏதுங்க வைஃபை? அப்பா வாழ்றது மொபைல் டேட்டாவுல. பேக்கப் ஒரு தடவைகூட ஓடலை. ஓடியிருந்தாலும், அது திரும்பி வர்றது செயலியை மறுபடி நிறுவும்போதுதான். கிளியர் ஸ்டோரேஜ் அழுத்தினதுக்காகத் தானா வராது.

மறுநாள் நான் ஊருக்கு வந்தேன். அப்பா இதே திண்ணையில ஒரு நாற்பது பக்க நோட்டோட உட்கார்ந்திருந்தார். நடவுக்கு வந்த அக்காங்க, வரப்பு வெட்டின அண்ணன் எல்லாரையும் வரச் சொல்லி, அவங்கவங்க ஞாபகத்துல இருந்து எழுதிட்டு இருந்தார். எல்லாரும் நேர்மையாத்தான் சொன்னாங்க. ஒரே ஒருத்தர் விஷயத்துல, முன்பணம் கொடுத்ததா அப்பாவுக்கு ஞாபகம். வாங்கலைன்னு அவருக்கு ஞாபகம். யார் பொய் சொல்றாங்கன்னு இல்லை. எழுத்து இல்லை, அவ்வளவுதான். அப்பா அவர் சொன்ன தொகையையே கொடுத்துட்டார். எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் நாங்க மூணு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது யாரோடது?

ஆளோடதா இருந்தா, அது போன்ல இருக்கட்டும். மொழி, எழுத்தளவு, இருள் தோற்றம் எல்லாம் அப்பாவோட கண்ணுக்கும் பழக்கத்துக்கும் சேர்ந்தது. செயலிக்குச் செயலி அவர் அதைச் சொல்லிட்டு இருக்கக் கூடாது. எங்க எழுத்தளவுத் திரையைத் தூக்கிட்டோம். எஸ்.பி.க்கு மாறி, பொத்தான்களை ரெண்டு வரிக்கு இடம் விட்டுத் திரும்ப வரைஞ்சோம். ஆண்ட்ராய்டு 14ல எழுத்தை 200 சதவீதம் வரைக்கும் பெருசாக்கலாம். அதுலயும் வெச்சுப் பார்த்தோம். மொழிக்கும் இப்ப போனைத்தான் கேட்கிறோம். போன் இங்கிலீஷ்ல, நம்ம செயலி மட்டும் தமிழ்ல வேணும்னு சிலர் கேப்பாங்க. அதுக்கும் பொது இடத்துலேயே வழி வந்துருச்சு. ஐபோன்ல 2019ல ஐஓஎஸ் 13லயும், ஆண்ட்ராய்டுல 2022ல 13லயும், செயலிக்குத் தனி மொழியைப் போனோட செட்டிங்ஸ்லயே தேர்ந்தெடுக்கலாம். டெவலப்பர் செய்ய வேண்டியது, எந்தெந்த மொழி இருக்குன்னு அறிவிக்கிறதுதான்.

செயலியோடதா இருந்தா, அது செயலிக்குள்ள இருக்கட்டும். பட்டியலைத் தேதிப்படி காட்டவா, பேர்ப்படி காட்டவாங்கிறது போனுக்கு எதுக்கு? செயலி போனா அதுவும் சேர்ந்து போகட்டும். ஆப்பிள் இதுல நடு வழி ஒண்ணு வெச்சிருக்கு. 'செட்டிங்ஸ் பண்டில்' போட்டா, நம்ம அமைப்பு போனோட பொது செட்டிங்ஸ் பக்கத்துல தெரியும். ஆனா மதிப்பு இருக்கிறது செயலியோட இடத்துலதான். பார்க்க ஒரே இடம், வைக்கத் தனித்தனி இடம்.

உழைச்சு எழுதினதா இருந்தா, அது அறைக்கு வெளியிலயும் ஒரு பிரதி இருக்கட்டும். இப்ப எங்க செயலி ஒவ்வொரு வாரமும் கணக்கை ஒரு கோப்பா 'டவுன்லோட்ஸ்'ல போடுது. கிளியர் ஸ்டோரேஜ் அதைத் தொடாது. வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பவும் ஒரு பொத்தான் வெச்சிருக்கோம்.

கேட்கிறவங்க எல்லாரும் டெவலப்பர் இல்லைன்னு தெரியும். உங்களுக்கு ஒரே வேலை. இன்னைக்கு வீட்டுல அம்மா அப்பா போனை வாங்கிப் பாருங்க. பேக்கப் கடைசியா எப்ப ஓடுச்சுன்னு செட்டிங்ஸ்ல தெரியும். வைஃபை இல்லாத வீடா இருந்தா, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு தடவை ஓட விட்டுட்டு வாங்க.

அப்பா இப்ப மறுபடி செயலியிலதான் எழுதுறார். அந்த நாற்பது பக்க நோட்டையும் விடலை, ரெண்டுலயும் எழுதுறார். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.