சம்பளப் பாக்கியும் பந்துச் சூதும்

(ஈப்போவில் நடைபெற்ற தோட்டப் பந்தாட்டப் போட்டியின் பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோப்பைகள் மேசைமீது காத்திருக்கின்றன. அவற்றுக்கும் உங்களுக்கும் நடுவில் நாம் நெடுநேரம் நிற்பது நன்றாயிராது. பந்தாட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி பணித்தார்கள். ஆட்டத்தைப் பற்றி நாம் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே, ஆட்டத்தின்மீது பணம் கட்டியும், பிறகு ஆட்டத்தையே விலைக்கு வாங்கியும் பிழைப்பு நடத்திய ஒரு மனிதரின் கதையைச் சொல்ல எண்ணுகிறோம். அவர் நம்மவர். பெயர் வில்சன் ராஜ் பெருமாள். 1965ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தவர். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அச்சிட்ட தமிழ்ப் பெயர்களில் அதுவும் ஒன்று. சொல்லப் பெருமையில்லை, மறைப்பதிலும் நியாயமில்லை.

இளமையில் அவர் சூது கற்ற இடம் சிங்கப்பூர் ஜாலான் புசார் திடல். வயதானவர்கள் மேடையில் உட்கார்ந்து, ஆட்டம் நடக்க நடக்கக் கைக்குக் கை பணம் மாற்றிக் கொள்வார்கள். அதைப் பார்த்துத் தாமும் கட்டினார், கட்டியவர் தோற்றார். தோற்றவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் கட்டுவார்கள். இவரோ வேறு வழி தேடினார். முடிவு தெரியாத ஆட்டத்தில் ஏன் கட்டவேண்டும், முடிவைத் தெரிந்துகொண்டு கட்டினால் என்ன?

இங்கே ஒரு கணக்குச் சொல்ல அனுமதியுங்கள். நாம் கிராணி வேலை பார்ப்பவர்கள். கணக்கில்லாமல் பேச்சு வராது.

நம் நாட்டில் "பந்து கட்டுவது" எப்படியென்று இங்குள்ள பலர் அறிவீர்கள். அறியாததுபோல் முகத்தை வைத்திருப்பவர்களும் அறிவீர்கள். பலமான கட்சி, பலமற்ற கட்சிக்கு அரைப் பந்தோ ஒரு பந்தோ விட்டுக் கொடுக்கிறது. ஒரு பந்து கொடுத்தால், 1-0 என்ற வெற்றிக்குப் போட்ட பணம் மட்டுமே திரும்பும். 2-0 என்றால்தான் ஆதாயம். இரண்டு பக்கமும் சரிசமமாகிவிட்டது, நமக்கும் புக்கிக்கும் பாதிக்குப் பாதி என்று தோன்றும். ஆனால் விலையைப் பாருங்கள். 10 வெள்ளி கட்டி வென்றால் பெரும்பாலும் 9 வெள்ளிதான் கைக்கு வரும். தோற்றால் 10 வெள்ளியும் போகும். அப்படியானால் 19 ஆட்டத்தில் 10 வென்று 9 தோற்றவன் எங்கே நிற்கிறான்? பத்தொன்பது நாள் கண்விழித்துவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறான்! 19க்கு 11 வென்றால்தான் ஒரு காசு பார்க்கலாம். விடாமல் அப்படி வெல்லுகிறவனை நம் தோட்டங்களில் நாம் கண்டதில்லை.

உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை. அமெரிக்கரான பில் பெண்டர் என்பவர் 1980களின் நடுவில் ஹாங்காங்குக்குப் போய், குதிரைப் பந்தயத்தைக் கணினியில் ஏற்றிக் கணக்கிட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டமெல்லாம் அவரிடம் பேரேடு. முதல் ஆண்டுகளில் அவரும் நட்டப்பட்டார். அது சூதாட்டம் என்பதைவிட ஆயிரம் பேர் செக்ரோல் எழுதும் வேலை என்பதே பொருந்தும். அதற்கு வேண்டிய முதலும் பொறுமையும் சம்பள நாளில் பிறந்து சம்பள நாளிலேயே சாகிற பணத்துக்கு ஏது?

பெருமாள் அந்த வழியில் போகவில்லை. "கெலோங்" வழியில் போனார். கடலில் நிபோங் மரங்களை நட்டு, மீனை உள்ளே போகவிட்டு வெளியே வரவிடாமல் கட்டிய பொறிக்குத்தான் மலாயில் கெலோங் என்று பெயர். முன்கூட்டியே முடிவு செய்த ஆட்டத்துக்கும் நம் நாட்டார் அந்தப் பெயரையே வைத்தார்கள். எவ்வளவு பொருத்தம்! மீனுக்குக் கடல் விரிந்து கிடப்பதாகவே தோன்றும்.

அந்தப் பொறி நம் வீட்டு வாசலிலேயே இருந்தது. 1994ஆம் ஆண்டை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலேசியக் கிண்ணம் என்றால் உயிரை விட்ட காலம். அவ்வாண்டு சூதுக்காரர் கைவரிசை அம்பலமானபோது நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள்; 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்; 21 ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நீக்கப்பட்டார்கள். திடல்கள் காலியாயின. சிங்கப்பூர் அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்று, அடுத்த ஆண்டு போட்டியைவிட்டே விலகியது. பெருமாளும் 1995இல் இலஞ்சக் குற்றத்துக்காகச் சிங்கப்பூரில் சிறை சென்றார். வெளியே வந்தார். திருந்தினாரா? கடையைப் பெரிதாக்கினார்.

இடையிலே, நம் நாட்டுச் சூதுக் கும்பல் ஒன்று செய்த காரியத்தையும் கேளுங்கள். 1997இல் லண்டன் நகரத்தில் இரண்டு பெரிய ஆட்டங்களின் நடுவே விளக்குகள் அணைந்தன. பாதி ஆட்டம் கடந்தபின் ஆட்டம் நின்றால், நின்ற கணக்கிலேயே பந்தயத்தைத் தீர்ப்பது கீழ்நாட்டுப் புக்கிகளின் வழக்கம். அதற்காகத்தான் விளக்கை அணைத்தார்கள்! 1999இல் மூன்றாவது திடலில் முயன்றபோது அகப்பட்டார்கள். சிறை சென்றவர்களில் இருவர் மலேசியர். அந்தத் திடலின் காவற்காரர் ஒருவரும் உண்டு. ஒரு திடலின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பதைக் கும்பல் விசாரித்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

பெருமாளின் கதைக்குத் திரும்புவோம். அவர் ஏழை நாட்டுப் பந்தாட்டச் சங்கங்களைத் தேடிப் போனார். "பயணச்செலவு எம்முடையது, விளையாட வாருங்கள்" என்றார். 2009 ஜூலையில் ஜிம்பாப்வே தேசிய அணி என்று சொல்லிக்கொண்டு ஓர் அணி மலேசியாவுக்கு வந்து, நம் அணியிடம் 4-0 என்றும் 1-0 என்றும் தோற்றது. நாமும் கை தட்டினோம். பிறகுதான் தெரிந்தது, வந்தது தேசிய அணியல்ல, ஒரு கழகத்து அணியென்று. அந்த ஆட்டங்கள் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டன. 2010 செப்டம்பரில் பஹ்ரெய்னில் தோகோ நாட்டு அணி 3-0 என்று தோற்றது. தோகோ நாட்டாரோ "நாங்கள் அணி அனுப்பவேயில்லை" என்றார்கள்!

2011 பிப்ரவரியில் பின்லாந்து நாட்டில் பெருமாள் பிடிபட்டார். வேறொருவர் பெயரிலான கடப்பிதழ் கையில். காட்டிக் கொடுத்தவரும் சிங்கப்பூரிலிருந்து வந்தவரே. வடதுருவ வட்டத்தை ஒட்டிய ரொவனியெமி என்ற ஊரின் கழகத்து ஆட்டக்காரர்கள் 9 பேரும் நீதிமன்றத்தில் நின்றார்கள். பெரும்பாலோர் ஸாம்பியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள். பெருமாளுக்கு 2 ஆண்டுச் சிறை.

இப்போது நாம் சொல்லவந்த இடத்துக்கு வருகிறோம். இத்தனையும் செய்து அந்த மனிதர் சேர்த்து வைத்தது என்ன? மில்லியன் கணக்கில் பார்த்ததாகவும், அதைப் பந்தயத்திலேயே விட்டதாகவும் அவரே பிற்பாடு சொன்னார். தாம் வாங்கிய ஆட்டத்தில் வந்த பணத்தைக் கொண்டுபோய், தாம் வாங்காத ஆட்டங்களில் கட்டினார். அங்கே அவரும் உங்களையும் எம்மையும் போலத்தான். 19க்கு 10 அவருக்கும் கிட்டவில்லை. பந்து எப்படி விற்கப்படுகிறதென்று உள்ளும் புறமும் அறிந்தவர் கதி அதுவென்றால், நம் லயத்தில் கைப்பேசியில் கட்டுகிறவன் எதை அறிந்து கட்டுகிறான்?

எமது தோட்டத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. பெயர் வேண்டாம். நல்ல கை, அவர் வெட்டிய பட்டையில் காயம் பார்க்க முடியாது. சில மாதங்களாகத் திங்கட்கிழமைதோறும் ஆபீஸ் சன்னலுக்கு வந்து முன்பணம் கேட்டார். சனி ஞாயிறு ஆட்டம், திங்கள் கணக்குத் தீர்ப்பு என்பது எமக்குப் பிறகே உறைத்தது. புக்கியின் ஆள் கடனுக்குக் கட்டவிடுகிறான். அது தீரவில்லையென்றால் வட்டி முதலையைக் காட்டிவிடுகிறான். 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி புக்கியிடம் கட்டுவதும் குற்றமாகையால், ஏமாந்தவன் போலீசுக்கும் போகமுடியாது. (2010இல் பந்தாட்டப் பந்தயத்துக்கு உரிமம் வழங்க அரசாங்கம் முயன்று, எதிர்ப்புக் கிளம்பவே கைவிட்டது. உரிமம் இருந்தால் அந்தத் தோழர் பிழைத்திருப்பார் என்று எமக்குத் தோன்றவில்லை.) கடைசியில் அவர் மனைவி வந்து, "ஐயா, சம்பளத்தை என் கையில் கொடுக்க வழி உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை.

கட்டுகிறவன் பக்கம் போகட்டும். விற்கிறவன் பக்கம் பார்ப்போம். அது சங்கத்தின் வேலை. பெருமாள் யாரிடம் போனார்? உரிய நாளில் நல்ல சம்பளம் வாங்குகிறவனிடம் போவது வீண் என்று அவருக்குத் தெரியும். பாக்கிச் சம்பளக்காரனிடம் போனார். உலக ஆட்டக்காரர் சங்கமான பிஃப்ப்ரோ, 2012இல் கிழக்கு ஐரோப்பாவில் 3,357 ஆட்டக்காரர்களைக் கேட்டறிந்தது. நூற்றுக்கு 41 பேருக்கு உரிய நாளில் சம்பளம் வரவில்லை. ஆட்டத்தை விற்கும்படி தம்மை அணுகினார்கள் என்று சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பாக்கிக்காரர்களே! அதே 2012இல் நெகிரி செம்பிலான் இளைஞர் அணியின் 18 பிள்ளைகள் ஆட்டத்தை விற்றதற்காகத் தடை செய்யப்பட்டார்கள். மீசை அரும்பாத வயது.

நம் பேராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி. 2021இல் சம்பளப் பாக்கியால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவ்வாண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. அவர்கள் எவரும் ஆட்டத்தை விற்றதாக நாம் சொல்லவில்லை, அது அபாண்டம். விற்காமலே பட்டினி கிடந்தார்கள் என்பதைத்தான் சொல்லுகிறோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும் என்கிறது. பால்வெட்டுகிறவனுக்கு அதை நாம் கேட்டு வாங்குகிறோம். பந்து உதைக்கிறவனுக்குக் கேட்பது யார்?

இன்று இறுதி ஆட்டத்தில் இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்த தம்பியை எல்லோரும் பார்த்தீர்கள். வயது 19. ஒரு கழகம் அவனை அழைத்திருக்கிறது. பெயர் இப்போது வேண்டாம். அவன் தாயார் மரம் வெட்டி வளர்த்த பிள்ளை. போன வாரம் ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் வந்தார்கள். எட்டுப் பக்கம். சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. தோற்றால் அபராதம் எவ்வளவு என்றும் எழுதியிருக்கிறது. எந்தத் தேதியில் சம்பளம் என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் தேதியை எழுதி அனுப்பும்படி கடிதம் வைத்துத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பையனுக்கு எம்மேல் வருத்தம். கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று பயம். தாயார் ஒன்றும் பேசவில்லை. தாள் வந்தால் அவனுக்கு முன்னால் தம்மிடம் காட்டும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை பதில் வரவில்லை.