மேகமும் புதரும்

ஜனங்கள் ஆசையாக வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ கேம் யந்திரத்தை, அதைச் செய்த கம்பெனியே எந்தச் சந்தர்ப்பத்தில் விலக்கி, வேறொன்றை அதன் ஸ்தானத்தில் அமர்த்த வேண்டும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். விற்காத சரக்கை மாற்ற யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. கல்லா நிறைந்துகொண்டிருக்கும்போது மாற்றுவதுதான் கஷ்டம். முந்தினால் நேற்று வாங்கினவர் வயிறெரிவார், பிந்தினால் எதிர்க்கடைக்காரர் வாடிக்கையைக் கொண்டுபோய்விடுவார்.

இந்தத் தர்மசங்கடத்தை நன்றாக அநுபவித்தது ஜப்பானில் கியோத்தோ நகரத்து நிண்டெண்டோ. 1889-ல் சீட்டுக்கட்டுச் செய்து பிழைக்கத் தொடங்கிய அந்தக் கம்பெனி, மஸாயுகி உயெமுரா என்ற பொறியாளரின் பிரயாசையால் 1983 ஜூலை 15-ந் தேதி, 14,800 யென் விலையில், ஃபாமிகாம் என்ற யந்திரத்தை வெளியிட்டுச் சில வருஷங்களுக்குள் ஜப்பானியக் குழந்தைகளை வசப்படுத்திக்கொண்டது. 1987-ல் பி.சி. எஞ்சின், 1988 அக்டோபர் 29-ல் போட்டிக் கம்பெனியான ஸேகாவின் 16 பிட் மெகா டிரைவ் என்று அதைவிடச் சக்தி மிகுந்த யந்திரங்கள் எதிரே வந்து நின்ற பிறகும், நிண்டெண்டோ தன் அடுத்த யந்திரமான சூப்பர் ஃபாமிகாமை 1990 நவம்பர் 21 வரை கடைக்கு அனுப்பவில்லை. இதைச் சோம்பல் என்று எண்ணத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் என் தொழில்.

தொண்ணூறுகளில் மதுரையில் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருந்தேன். நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்று வழங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமின் நகல்கள் என்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். மூடியைக் கழற்றினால், உயெமுரா பல சில்லுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்த வேலையெல்லாம் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடங்கியிருக்கும். பரீட்சை லீவு வந்துவிட்டால் நாளைக்கு நாலு பெட்டியாவது வரும். முக்கால்வாசிக்கு, கேஸட்டின் பற்களில் ஏறிய அழுக்குத்தான் வியாதி. ஒரு நாள் சாயங்காலம், துடைத்துச் செருகிய கேஸட்டில் மரியோ ஓடத் தொடங்கியதும், பக்கத்தில் நின்ற பையன் திரையைத் தொட்டுக் காட்டி, “அண்ணே, மேலே இருக்கிற மேகத்தையும் கீழே இருக்கிற புதரையும் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்” என்றான். பார்த்தேன். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர், உருவம் ஒன்றேதான். 1985-ல் வந்த அந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அந்த இடம் போதாது. அந்தச் சிக்கனத்துக்குள் ஓர் உலகத்தையே சிருஷ்டித்தவர்களுடைய சாமர்த்தியத்தை, பத்து வயசுப் பையன் காட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக அநுமதியுங்கள். மெகா டிரைவ் வருவதற்குச் சரியாக ஆறு நாள் முன்பு, 1988 அக்டோபர் 23-ல், அதே பழைய ஃபாமிகாமுக்கு சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 வந்தது. முதல் மரியோவில் கடந்துபோன வழிக்குத் திரும்ப முடியாது. இதில் முன்னும் பின்னும் போகலாம், வானத்தில் பறக்கலாம், மேலே காட்சி நகர்ந்துகொண்டிருக்கக் கீழே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்கும். ஐந்து வயசான யந்திரத்துக்கு இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? கேஸட்டுக்குள்ளேயே ஒரு சில்லை வைத்தார்கள். யந்திரம் ஒரே சமயத்தில் 32 கிலோபைட் நிரலைத்தான் பார்க்க முடியும், ஜன்னல் அவ்வளவுதான். இந்தச் சில்லோ, ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, வேண்டிய ஏட்டை வேண்டிய தருணத்தில் புரட்டிக் காட்டியது. 40 கிலோபைட் 384 ஆயிற்று. பெட்டியைத் தொடாமல், கேஸட்டின் வழியாகவே பெட்டிக்கு யௌவனம் கொடுத்த இந்த உபாயத்தைப் போல் என் மனசைக் கவர்ந்தது இந்தத் தொழிலில் வேறொன்றும் இல்லை.

விளையாட்டைச் செய்கிறவர்கள் இப்படிப் பழைய யந்திரத்திலிருந்து புதுமையைக் கறந்துகொண்டிருக்கும்வரை அதை மாற்றுவது அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். சூப்பர் ஃபாமிகாம் வந்த அன்றே அதனுடன் வந்த எஃப்-ஜீரோ பந்தயத்தில், பாதை முழுவதும் கண்ணெதிரே படுத்துச் சுழன்றது. எந்தச் சில்லைச் செருகினாலும் ஃபாமிகாமால் அப்படிச் செய்திருக்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்று கைவசம் தயாராக இருக்கும் நாளே மாற்றுவதற்கு உரிய நாள். அந்தக் காத்திருப்பால் அமெரிக்காவில் ஸேகாவுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அது கொடுத்தே தீரவேண்டிய விலை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஸேகாவே சாட்சி. நேரம் குறுகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1994 நவம்பரில் அமெரிக்காவில் பழைய யந்திரமான மெகா டிரைவுக்கு 32எக்ஸ் என்ற இணைப்பை விற்றுவிட்டு, ஆறு மாதத்துக்குள், செப்டம்பரில் வருமென்று சொல்லியிருந்த சாட்டர்ன் என்ற புது யந்திரத்தை 1995 மே 11-ந் தேதியே 399 டாலருக்கு இறக்கினார்கள். விளையாட்டுகளும் தயாராக இல்லை, பல கடைகளுக்குச் சரக்கும் போகவில்லை. அதே நாளில் ஸோனி தன் பிளேஸ்டேஷன் 299 டாலர் என்று அறிவித்தது. இணைப்பை ஆசையாக வாங்கிய பிள்ளைகளின் ஏமாற்றத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது. 2001-ல் ஸேகா யந்திரம் செய்வதையே விட்டுவிட்டது.

நிண்டெண்டோவோ, வாரிசு வந்த பிறகும் மூத்ததைக் கைவிடாமல் செய்துகொண்டே இருந்தது. ஃபாமிகாமும் சூப்பர் ஃபாமிகாமும் 2003 செப்டம்பரில்தான் ஒன்றாக விடைபெற்றன. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிவி கேம் பெட்டி கிடந்தால் தயவுசெய்து அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேஸட்டை வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் பற்களை அரித்துவிடும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துச் செருகி, மேகத்தையும் புதரையும் உங்கள் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.