வழக்கு காத்த படம்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலுக்குச் சென்றவர்கள் அங்கே 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பழம்பலாவின் அடிமரத்தைக் கண்டிருப்பீர்கள். பகைவரால் துரத்தப்பட்ட இளவரசர் மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. பாறசாலை எல்லையில் பிறந்த நான் அதைப் பாட்டியிடம் தமிழிலும் பள்ளியில் மலையாளத்திலும் கேட்டவன். அவரைப் பற்றிய பேசாப் படமும் அவ்வாறே ஒளிந்திருந்துதான் பிழைத்தது!

சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவலை, நாகர்கோவில் சுந்தர்ராஜ் என்பவர் பி. வி. ராவின் இயக்கத்தில் படமாக்கினார். 1933-இல் திருவனந்தபுரத்தில் படம் வெளியாயிற்று. நாவலைப் பதிப்பித்த கமலாலயம் புத்தகக் கடையார், உரிமை மீறப்பட்டதென்று வழக்குத் தொடுத்தனர். படம் பறிமுதலாயிற்று, போட்ட முதல் வீணாயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குக் கடையாரைக் குறைகூற மனம் வரவில்லை. பிறர் எழுத்தில் கைவைப்பவன் முதலில் உடையவனைக் கேட்க வேண்டாமா?

அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். நாட்பட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும் படம் வந்தபின், அதிலுள்ள வெள்ளிக்காகச் சுருள்களைக் கரைத்தோரும் உண்டு. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இன்று இல்லை. ஜே. சி. டேனியலின் 'விகதகுமாரன்' இல்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து அதில் நாயர் பெண்ணாக நடித்த பி. கே. ரோசியையோ ஊரைவிட்டே ஓடச் செய்தார்கள். அவர் முகத்தைக் காட்டவும் இன்று ஒரு சுருள் இல்லை.

கொட்டகை கொட்டகையாக ஓடித் தேயாமல் முடங்கிக் கிடந்ததால் 'மார்த்தாண்டவர்மா' மட்டும் தப்பியது. அதே புத்தகக் கடையிலிருந்து 1974-இல் அதனைப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் பெற்றது. தென்னாட்டுப் பேசாப் படங்களுள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியது இதுவே என்பர்.

அதைக் காணும் பேறு எனக்கு ஒருமுறை கிட்டியது. இடையிடையே வரும் வாசகங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன, தமிழ் இல்லை. கதையோடு சேராத ஒரு காட்சியும் அதில் உண்டு: சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஊர்வலம். அது நடிப்பன்று, நேரில் எடுத்தது. ஆறாட்டுக் காலங்களில் பாறசாலையிலிருந்து நடந்தே திருவனந்தபுரம் போய்வந்தவர் என் பாட்டனார். கதையை மறந்து, அந்தக் கூட்டத்தில் அவர் முகத்தையே தேடிக்கொண்டிருந்தேன்.